துண்டுக்காரர்

நகராட்சி நீச்சல் குளம் வாரத்துக்கு எண்பத்து நான்கு மணி நேரம் திறந்திருக்கும். புதிதாக வந்த எழுத்தர் அதை நான்காகப் பிரித்தார். ஆண்கள், பெண்கள், சிறுவர், முதியோர். பிரிவுக்கு இருபத்தொரு மணி நேரம். ஒரு நிமிடம்கூட மிஞ்சவில்லை. தினமும் ஆறு மணிக்கு எல்லோரும் ஒன்றாக இறங்கும் பழைய பொது நேரம் ஒழிந்தது.

மறுநாள் அலுவலக ஜன்னலில் ஒரு பெரியவர் நின்றார். கையில் மடித்த நீலத் துண்டு.

"தம்பி, எங்க ஆறு மணியைக் காணோமே?"

"உங்களுக்குத்தான் முதியோர் நேரம் இருக்கே ஐயா."

"எனக்கு அறுபத்தஞ்சு. என் வீட்டுக்காரிக்கு ஐம்பத்தெட்டு. அவளை அதுல விடமாட்டேங்கறாங்க."

"அம்மா பெண்கள் நேரத்துல வரட்டும்."

"வரா. நான் வர முடியலையே."

எழுத்தருக்கு மனம் இளகியது. முதியோர் வயதை ஐம்பத்தைந்தாகக் குறைத்தார்.

ஒரே வாரம். புதிதாக முதியோராகிவிட்ட பெண்கள் கூட்டமாக வந்தார்கள். "அந்தக் கிழவங்களோட நாங்க நீந்தணுமா?"

நியாயம்தான். முதியோரை ஆண், பெண் என்று பிரித்தார். சிறுவர் சிறுமியரையும் பிரிக்காவிட்டால் சமமாகாது. இப்போது ஆறு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் பதினான்கு மணி நேரம்.

பெரியவர் துண்டோடு வந்தார்.

"அவளை உள்ளே அனுப்பிட்டு வாசல்ல நிக்கறேன் தம்பி. சுவத்துக்கு அந்தப் பக்கம் தண்ணிச் சத்தம் மட்டும் கேக்குது."

"ஒரு மணி நேரம்தானே? அதுகூடப் பிரிஞ்சிருக்க முடியலையா?"

பெரியவர் துண்டின் மடிப்பைச் சரிசெய்தார். "அந்த ஒரு மணி நேரம்தான் தம்பி."

அலுவலகத்தில் அவருக்குத் துண்டுக்காரர் என்றே பெயர் விழுந்தது. அவர் தொல்லை தாங்காமல் எழுத்தர் தம்பதியர் நேரம் என்று ஒன்றைச் சேர்த்தார். ஏழு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு.

"ஒண்ணே ஒண்ணு ஐயா. யாரும் கரையில நின்னு வேடிக்கை பாக்கக் கூடாது. வந்தா தண்ணியில இறங்கணும்."

"இறங்கித்தான் ஆகணுமா?"

"அதுக்குத்தானே இவ்வளவு நாள் அலைஞ்சீங்க?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "சரி. இறங்கறேன்."

மறுநாள் காலை, தன் சாதனையைப் பார்க்க எழுத்தரே குளத்துக்குப் போனார். லைஃப்கார்டு அக்கா அப்போதுதான் பெரியவரை ஆழத்திலிருந்து இழுத்துக் கரையில் போட்டிருந்தார். அவர் இருமிக்கொண்டே கையை நீட்டித் துண்டைத் தேடினார். அது பெஞ்சில், நனையாமல், மடித்தபடி இருந்தது. எதையும் கவனிக்காமல் அவர் மனைவி மறுகோடியில் நிதானமாக நீந்திக்கொண்டிருந்தார்.

எழுத்தருக்கு ஆத்திரமாக வந்தது. "நீச்சலே தெரியாதவருக்குக் குளத்துல எதுக்குக்கா நேரம்? ரெண்டு மாசமா என் உயிரை வாங்கிட்டாரு."

அக்கா தலைமுடியைப் பிழிந்துகொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"அவர் எப்பவும் கரையிலதான் நிப்பார் தம்பி. அந்தம்மாவுக்கு மறதி நோய். வீட்டுல நாள் பூரா இவரைப் பார்த்து நீங்க யாருன்னு கேப்பாங்களாம். நீந்தி முடிச்சுப் படி ஏறும்போது மட்டும், 'என்னங்க, துண்டு'ன்னு கையை நீட்டுவாங்க."