பின்னுக்குப் போன பேட்டரி

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் செய்த மகத்தான காரியம், கார் பேட்டரியை முன்னாலிருந்து பின்னால் கொண்டுபோனதுதான். அந்தப் பெருமை தனுவச்சபுரத்தைச் சேர்ந்தது. சாதித்தவர் ஜிஜின். பிழைப்பு, பாறசாலையில் மொபைல் கடை. வாகனப் பொறியியல் படித்தது, யூடியூபில்.

மாமனார் சத்தியதாஸ் கொடுத்த பழைய அம்பாசடர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஜிஜினுக்கு அது ஒன்றுதான் உறுத்தல்.

"பேட்டரி முன்னால கெடக்கதுனால மூக்கு கனமாக்கும். டிக்கிக்குக் கொண்டுபோனா பேலன்ஸ் ஆவும்," என்று அறிவித்தார்.

"இப்ப அது ஓடுதுல்லா?" என்றாள் மனைவி நீது. அவள் கருத்து 'பரிசீலனையில்' வைக்கப்பட்டது.

நண்பன் சிஜு 'தொழில்நுட்ப ஆலோசகர்' ஆனான். கல்யாண வீடுகளுக்குச் சீரியல் லைட் கட்டுகிறவன். இருவரும் பழைய வயரை எல்லாம் உருவிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தார்கள். பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடியது.

"இது என்னத்துக்கு ஆடுது?" என்றார் ஜிஜின்.

"எக்ஸ்ட்ரா ஃபீச்சர் ஆக்கும் மக்கா."

டிக்கியின் சாவித்துவாரம் அழகைக் கெடுத்தது. அதை அடைத்து, வெல்டு வைத்து, பெயின்ட் அடித்து, திறக்க உள்ளே ஒரு பட்டன் வைத்தார்கள். பின்சீட்டுக்குப் பின்னால் தகரம் அடித்து ஸ்பீக்கர். வண்டிக்கு அடியில் நீல விளக்கு.

அந்த வாரம் நீதுவுக்குக் காஞ்சிரங்குளத்தில் அரசு வேலைக்கான தேர்வு. வயது வரம்புப்படி அவளுக்கு அதுவே கடைசி. பிள்ளையை உறங்க வைத்துவிட்டு, அடுக்களை மேடையில் புத்தகத்தை விரித்து இரண்டு வருடமாகப் படித்திருந்தாள்.

"ஆட்டோவுக்குச் சொல்லட்டா?" என்று கேட்டாள்.

"நம்ம வண்டி இருக்கும்போ ஆட்டோவா?" என்றார் ஜிஜின், மனம் புண்பட்டு.

காலையில் சாவியைத் திருகினார். வண்டி மௌனம் காத்தது. நீல விளக்கு இராத்திரி முழுக்க எரிந்து பேட்டரியைக் குடித்திருந்தது. சிஜு ஓடிவந்தான்.

"வேற பேட்டரி மாட்டலாம். டிக்கியைத் தொற."

ஜிஜின் பட்டனை அமுக்கினார். திறக்கவில்லை.

"எலே, பட்டனுக்குக் கரண்ட் எங்கயிருந்து வருது?" என்றான் சிஜு.

"பேட்டரியில இருந்து."

"பேட்டரி எங்க?"

"டிக்கிக்குள்ள."

இருவரும் வண்டியைச் சுற்றிவந்து 'அவசர ஆலோசனை' நடத்தினார்கள். நீது ஜங்ஷனுக்கு ஓடினாள். ஆட்டோ கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது. "சமயம் கழிஞ்ஞு மோளே," என்று நேரம் முடிந்துவிட்டதை மலையாளத்தில் சொன்னார் காவலாளி.

அவள் திரும்பி வந்தபோது ஜிஜின் தன் யூடியூப் சேனலுக்குப் பேசிக்கொண்டிருந்தார். சிஜு செல்போனைப் பிடித்திருந்தான். தோல்வியைச் சாதனையாக மாற்றத் தெரிந்தவனே மேதை. ஜிஜின் மேதை.

"பிரண்ட்ஸ், இதாக்கும் நம்ம செக்யூரிட்டி சிஸ்டம். எந்தக் கள்ளனும் டிக்கியைத் தொறக்க முடியாது. வண்டியை இஞ்ச இருந்து அசைக்க முடியாது. இந்த வீட்டுல இருந்து ஒண்ணும் களவு போவாது."

நீது ஹால் டிக்கெட்டோடு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"களவு போயாச்சு," என்றாள். "சிஜு அண்ணா, நிறுத்தாதீங்க. கள்ளன் பேசிட்டு நிக்கான், மூஞ்சி தெளிவா வரட்டு."