இடைவேளை வரை நல்லவன்

நான் ஒரு சினிமாப் பைத்தியம் என்பது எங்கள் சொந்தபந்தம் முழுவதற்கும் தெரியும். நான் பார்த்த படங்களில் முக்கால்வாசியை இடைவேளை வரைதான் பார்த்திருக்கிறேன் என்பது மட்டும் யாருக்கும் தெரியாமல் இருந்தது. இப்போது அதுவும் தெரியும். எப்படித் தெரிந்தது என்பதைத்தான் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை போடுவது என் வேலை. அப்போது எனக்கு இரண்டு மணி ஷிஃப்ட். கம்பெனி பஸ் தியேட்டர் முக்கிலிருந்து ஒரு மணிக்குக் கிளம்பும். வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குப் போனால் பன்னிரண்டே முக்காலுக்கு இடைவேளை. அதோடு எழுந்து ஓடிவந்து பஸ் ஏறி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விமர்சனம் போடுவேன். முதல் பாதியைப் பற்றி விலாவாரியாக எழுதுவேன். மீதிக்கு, ‘இரண்டாம் பாதியில் இயக்குநர் எங்கேயோ போய்விட்டார்’ என்று ஒரே வரி. அந்த வரி பொருந்தாத படம் இன்னும் வரவில்லை.

(ஞாயிற்றுக்கிழமை போய் மீதியைப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். ஞாயிறன்று சொந்தக்காரர்கள் என் விமர்சனத்தை நம்பி அதே தியேட்டருக்கு வருவார்கள். அங்கே நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் என் மரியாதை என்னாவது?)

உண்மையைச் சொன்னால், எனக்கு முதல் பாதிகள்தான் பிடிக்கும். அவற்றில் அம்மாக்கள் உயிரோடு இருப்பார்கள். நண்பன் துரோகி ஆகியிருக்க மாட்டான். சிரிப்பு நடிகருக்கு வேலை இருக்கும். மீதிக் கதையை பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து நானே முடித்துக்கொள்வேன். நான் முடித்த படங்களில் ஒருத்தர்கூடச் செத்ததில்லை.

இந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் கூடி வந்தது. உடையார்பாளையத்துப் பெண். பெயர் கோமதி, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. பூ வைத்தாயிற்று, நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அவளை ஒரு படத்துக்கு அழைத்துப் போக ஆசைப்பட்டு, நல்ல பிள்ளையாக அவள் அப்பாவிடமே போனில் அனுமதி கேட்டேன். அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு நிமிடம் தாமதமாக வந்த டிரைவரையும் விசாரிக்காமல் விட்டதில்லை என்று சொல்வார்கள்.

“போவலாமே மாப்ள, நாங்களும் வரோம். உங்கம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. நான் தியேட்டர் பக்கம் போயி இருவது வருசம் ஆவுது. குடும்பத்தோட பாக்குற மாதிரி ஒரு படம் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?”

கடைசி வாக்கியத்தில் நான் குளிர்ந்துபோனேன். முந்தின நாள்தான் ஒரு புதுப் படம் (பாதி) பார்த்திருந்தேன். தாய் தகப்பன் இல்லாத இளைஞன் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறான். மாமனாருக்குக் கால் பிடித்துவிடுகிறான். அவருக்குக் காய்ச்சல் வந்ததும் ரசம் சாதம் பிசைந்து ஊட்டிவிடுகிறான். இரண்டாம் பாதியை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று படம் எடுத்தவர்கள் கைகூப்பிக் கேட்டிருந்தார்கள். நம் ஜனங்கள் அந்த ஒரு தடவை சொன்ன பேச்சைக் கேட்டுத் தொலைத்தார்கள்.

“மாமனார் மருமவன் பாசந்தான் மாமா கதையே. செகண்ட் ஆஃப்தான் ரொம்ப உருக்கம். நான் ரெண்டு தடவ பாத்துட்டேன். பாக்கறப்பல்லாம் உங்க நெனப்புத்தான் வந்துச்சு.”

இவ்வளவு பேசச் சொல்லி அவர் கேட்கவே இல்லை.

ஞாயிறு மதியக் காட்சி. அம்மா, நான், மாமா, அத்தை, கடைசியில் கோமதி என்று வரிசையாக உட்கார்ந்தோம். (எனக்கும் கோமதிக்கும் நடுவே அவளைப் பெற்றவர்கள்.) முதல் பாதி முழுவதும் மாமாவின் காதில் நான்தான் வர்ணனை. “இப்ப கால் புடிப்பான் பாருங்க” என்பேன், பிடிப்பான். ரசம் சாதம் வந்ததும் மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து அழுத்தினார். இடைவேளை மணி அடித்ததும் பழக்க தோஷத்தில் என் கால் கம்பெனி பஸ்ஸை நோக்கி நடந்தது. “எங்க மாப்ள?” என்றார். பாப்கார்ன் வாங்கத்தான் என்று சமாளித்தேன்.

இரண்டாம் பாதி தொடங்கியது. மருமகன் அடுப்படியில் நிற்கிறான். இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுக்கிறான். ரசத்தில் கொட்டிக் கலக்குகிறான்.

அவன் அந்தக் குடும்பத்தைத் தீர்த்துக்கட்டி நிலத்தைப் பிடுங்க வந்தவனாம். மாமனார் நுரை தள்ளிச் சாய்ந்ததும், “ஐயையோ! அடப்பாவி!” என்று நான் அலறி எழுந்த வேகத்தில் என் பாப்கார்ன் முழுவதும் மாமா தலையில் விழுந்தது. அதோடு விட்டானா? மாமனாரைச் சாக்கில் கட்டி முந்திரிக்காட்டுக் கிணற்றில் இறக்கினான். அடுத்து மாமியார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மாமா திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்கிக் கொடுத்த தன் பாப்கார்னை மெதுவாக நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தோம். மாமாதான் ஆரம்பித்தார்.

“ரெண்டு தடவ பாத்தேன்னீங்க. பாக்கறப்பல்லாம் என் நெனப்பு வந்துச்சுன்னீங்க.”

“நமக்கும் முந்திரிக்காடு இருக்குல்ல...” என்றார் அத்தை, பொதுவாக.

“எம்புள்ள பச்சப்புள்ளங்க, ஒரு ஈ எறும்பக் கூட...” என்றார் என் அம்மா. படத்தில் கொலைகாரனின் சித்தியும் இதையேதான் சொல்லியிருந்தாள்.

“எதுக்கும் யோசிச்சுச் சொல்றோம்மா” என்று மாமா அம்மாவிடம் சொன்னார். கொலைகாரனாக நிற்பதைவிடப் பொய்யனாக நிற்பது மேல் என்று முடிவு செய்தேன்.

“மாமா, நான் இன்டர்வெல்லோட எந்திரிச்சுப் போயிட்டேன். மீதியப் பாக்கவே இல்ல. இந்தப் படம்னு இல்ல, எல்லாப் படமும் அப்படித்தான். ஒரு மணிக்கு பஸ்ஸு!”

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. என் விமர்சனங்களை எட்டு வருடமாகச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தவர் அவர்தான்.

அப்போதுதான் கோமதி வாயைத் திறந்தாள். “அப்பா, தியேட்டர்லயே பெரிய சத்தம் இவரு போட்டதுதான். கத தெரிஞ்சவரு அப்படிக் கத்துவாரா?”

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு டைம்கீப்பர் குரலில் விசாரணை நடந்தது. படம் எத்தனை மணிக்குப் போடுவான், இடைவேளை எப்போது, முக்குக்கு நடக்க எத்தனை நிமிடம், பஸ் எப்போது எடுப்பான். எல்லாவற்றையும் விரல்விட்டுக் கூட்டினார்.

“மீதியப் பாத்திருந்தா பஸ்ஸப் புடிச்சிருக்கவே முடியாது” என்றார். “நேரம் சரியாத்தான் வருது. புள்ள பொய்யன்தான், வேற ஒண்ணும் இல்ல.”

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நற்சான்றிதழ் அது. நிச்சயதார்த்தம் சொன்ன தேதியில் நடந்தது.

ஆனால் அன்றுமுதல் நான் எதைப் பரிமாறினாலும், “மொதல்ல நீங்க ஒரு வாய்” என்பார் மாமா. தலை தீபாவளிக்கு லட்டை நீட்டினேன், பாதியைப் பிட்டு என் வாயில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். வீட்டில் எந்தப் படம் போட்டாலும் இடைவேளையில் கோமதி என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள்.

போன மாதம் மாமா வண்டியிலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. கோமதியும் அத்தையும் வெளியே போயிருந்தார்கள். நான்தான் ரசம் சாதம் பிசைந்து ஊட்டினேன். அதிசயமாக, என்னைச் சாப்பிடச் சொல்லாமல் அவரே வாயைத் திறந்தார். கிண்ணம் பாதி காலியானதும் இடது கையால் என் கையைத் தடுத்தார்.

“இதுவரைக்கும் நல்லாத்தான் மாப்ள போவுது” என்றார். “மீதிப் பாதியில என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியாதே!”