தலையாட்டித் தூக்கிய கரகம்

எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். கம்பெனியில் வருஷா வருஷம் சோதித்துப் பார்த்துச் சான்றிதழே தருகிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம், என் சொந்தக்காரர்களில் பாதிப்பேருக்கு இதில் சந்தேகம் இருக்கிறது. மீதிப்பேருக்குச் சந்தேகமே இல்லை. செவிடு என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

என் குறை காதில் இல்லை, அசதியில் இருக்கிறது. வீடு கோலா சிலாங்கூரில், வேலை புக்கிட் பெருந்துங்கில். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி அகப்பட்டுவிட்டால் கணக்கே கிடையாது. அங்கே பிளாஸ்டிக் மூடி செய்யும் மெஷின்களுக்கு நான் பொறுப்பு. எட்டு மணி நேரம் மூடி மூடியாகப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு, வீட்டில் மனிதர்கள் பேசுவது பக்கத்து வீட்டு டிவிபோலத்தான் கேட்கும். ஆனால் பாட்காஸ்ட் மட்டும் தெளிவாகக் கேட்கும். பாட்காஸ்ட் நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை அல்லவா!

காலையில் கார் ஓட்டும்போது பழைய ராஜாக்கள் கதை சொல்லும் ஒரு வாத்தியார். பாத்திரம் கழுவும்போது கொலைக் கேஸ் (கொலைகாரன் அகப்படத் தாமதமானால் எங்கள் வீட்டுச் சட்டி பளபளக்கும்). துணி மடிக்கும்போது ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டே சமைக்கும் நிகழ்ச்சி. பாசாரில் மீன் வாங்கும்போது உடம்பைப் பற்றி ஒரு டாக்டர். அவர் நடக்கச் சொல்லுவார்; நான் காரில் உட்கார்ந்தபடி மீதியைக் கேட்டு முடிப்பேன்.

எல்லாம் வலது காதில் செருகிய பொட்டு மாதிரிக் குட்டிக் கருவியில் மட்டும்தான். இடது காது குடும்பத்துக்கு. சுமதி, அதாவது என் மனைவி, பேசும்போது அரை நிமிஷத்துக்கு ஒருமுறை தலையை ஆட்டி 'ம்' சொன்னால் போதும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது. அதை நினைத்துப் பெருமை வேறு பட்டுக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வித்தை என்னை நடுத்தெருவில், சரியாகச் சொன்னால் நடுச் செம்மண் சாலையில், நிறுத்தியது.

சுமதி பாலர் பள்ளியில் சமைக்கிறாள். அதுவரை விமானம் ஏறியதில்லை. கல்யாணமான புதிதில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: மதுரைக் கோயிலை என்னோடு சேர்ந்து ஒருமுறை பார்க்க வேண்டும். 'அடுத்த வருஷம்' என்றேன். அந்த அடுத்த வருஷம் இருபது தடவை வந்து போயிற்று. கடைசியில் லீவைச் சேர்த்து வைத்து, ஒன்பது நாளுக்கு இரண்டு டிக்கெட்டும் எடுத்தோம். அன்றே அவள் பெட்டியை எடுத்து ஹாலில் வைத்துவிட்டாள். பயணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. நாங்கள் அந்தப் பெட்டியைச் சுற்றி நடந்து பழகிக்கொண்டோம்.

எங்கள் மாரியம்மன் கோயில் பழைய தோட்டத்துக்குள் இருக்கிறது. தொழிலாளர் லயங்களை இடித்து, ஆட்கள் எல்லாம் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்கு வந்தாயிற்று. விசேஷம் என்றால் மட்டும் செம்பனைக்கு நடுவே கார்கள் வரிசையாகப் போகும். சித்திரையில் நடக்க வேண்டிய திருவிழா, கூரை ஒழுகியதால் அந்த வருஷம் தள்ளிப் போயிருந்தது. புதுத் தேதி குறிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும் கூட்டம் போட்டார்கள்.

கூட்டம் என்றால் எனக்குக் கொட்டாவி வரும். பின்வரிசையில், வலது காது தூண் பக்கம் இருக்கும்படி இடம் பிடித்து உட்கார்ந்தேன். அன்று ஓடியது ஒரு புது நிகழ்ச்சி. மனசைப் பற்றிப் பேசும் ஒரு அம்மையார், 'முடியாது என்று சொல்லப் பழகுங்கள்' என்ற தலைப்பில் நாற்பது நிமிஷம் பேசினார். அவ்வளவும் எனக்காகவே எழுதினதுபோல இருந்தது. சூப்பர்வைசர் ஓவர்டைம் கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் வேலையைத் தலையில் கட்டினால் முடியாது என்று சொல்லுங்கள். இனிமேல் சொல்வீர்களா?

'கண்டிப்பா!' என்று வாய்விட்டுச் சொல்லித் தலையையும் ஆட்டினேன்.

அதே நேரத்தில் இடது காதுப் பக்கம் நடந்தது இது. (பிறகு ஆளாளுக்குச் சொல்லித் தெரிந்துகொண்டேன்.) வழக்கமாகக் கரகம் தூக்கும் அண்ணனுக்கு முட்டியில் ஆபரேஷன். கோயில் தலைவர் வீராசாமி மாமா, அந்தக் காலத்துத் தோட்ட மண்டோர், அதாவது மேஸ்திரி, எழுந்து நின்று கூட்டத்தை ஒரு பார்வை பார்த்திருக்கிறார்.

"தலை ஆடாத ஆளா ஒருத்தன் வேணும்யா. ஆத்தங்கரையிலேர்ந்து கோயில் வரைக்கும் கரகம் அசையக் கூடாது. சேகரு, நீ அமைதியான பையன். தூக்குறியாப்பா?"

சேகர் நான்தான். தலை ஆடாத ஆள் வேண்டும் என்று கேட்டதற்குத் தலையை ஆட்டி, 'கண்டிப்பா' என்று சத்தமாகவும் சொல்லியிருக்கிறேன்.

அதோடு விட்டிருந்தால்கூட வயிற்றுவலி என்று தப்பியிருக்கலாம். பூசாரி வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம் வைத்த தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். கூட்டம் முடிந்து எல்லாருக்கும் கொடுப்பதாக்கும் என்று நினைத்தேன். அம்மன் பாதத்தில் வைத்த வெற்றிலையை எடுத்தால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். நான் எடுத்தேன். எடுத்ததோடு நிற்காமல் பாக்கை வாயில் போட்டு மென்றேன்.

குலவைச் சத்தம் கேட்டுத்தான் காதிலிருந்ததை எடுத்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவரை என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டதில்லை. அப்போதே தெரிந்துவிட்டது, ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று.

பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, தேதி என்னிக்கி?"

சொன்னார். எங்கள் விமானம் கிளம்புகிற அதே வாரம். பத்து நாள் காப்பு. காப்புக் கட்டினவன் கோயிலில்தான் படுக்க வேண்டும், ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. புக்கிட் பெருந்துங்கே எல்லைக்கு வெளியே. மதுரை எங்கே இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சுமதி கோயில் பின்கட்டில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சேதி எனக்கு முன்னால் அங்கே போய்விட்டது. கையில் பாதிக் கத்தரிக்காயோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆசைப்பட்டுத்தான் சரின்னு சொன்னீங்களா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மன் சன்னதியில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "திடீர்னு தோணிச்சு" என்றேன். அவள் மிச்சக் கத்தரிக்காயை நறுக்கினாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் வேலை முடிந்து நேராக மாமா வீட்டுக்குப் போனேன். அந்த அம்மையார் சொன்னபடி, முதுகை நிமிர்த்தி, கண்ணைப் பார்த்து, முடியாது என்று சொல்லிவிடுவதாக வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"மாமா, அந்த வாரம் எனக்கு..."

"தெரியும்லா. மதுரைக்கு டிக்கெட் எடுத்து வச்சிருக்கியாம். அதையும் விட்டுட்டு அம்மாளுக்காக ஒத்துக்கிட்டியே! எங்க வீட்டுல கேட்டுட்டு அழுதுட்டாப்பா."

அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நான் கொடுத்த தே தாரே டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு எடுத்த டிக்கெட் வீணாகப் போனது. சுமதியின் அக்கா கமலா புதிதாக ஒன்று எடுத்துக்கொண்டு துணைக்குப் போனாள். கிளம்பும் நாளில் நான் மஞ்சள் வேட்டியும் கையில் காப்புமாகக் கோயில் வாசலில் நின்றேன். கார் அங்கே நின்றது. "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட ஒருவேளைச் சோறும் மோரும்தான் என்று இருவருக்கும் தெரியும். கார் போனபிறகுதான் நான் செய்த காரியம் எவ்வளவு கேவலமானது என்று உறைத்தது. இருபது வருஷம் காத்திருந்தவளைத் தலையை ஆட்டியே தனியாக அனுப்பிவிட்டேன்.

கோயிலில் முதல் நாளே மாமா என் காதுக் கருவியை வாங்கி, விபூதித் தட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டார். "விரதத்துல இதெல்லாம் ஆவாதுப்பா." போனை மட்டும் விட்டுவைத்தார், வீட்டுச் சேதி வருமே என்று.

வந்தது. மதுரையிலிருந்து சுமதி குரல் பதிவு அனுப்பினாள். முதலாவது பன்னிரண்டு நிமிஷம். காதில் மாட்ட வழியில்லாததால் சத்தமாகப் போட வேண்டியதாயிற்று. விமானத்தில் கமலா அக்கா சீட் பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் அப்படியே எழுந்ததையும், ஓட்டலில் இட்லிக்கு வைத்த நாலு வகைச் சட்னியையும், ஆட்டோக்காரர் 'எந்த ஊரும்மா, தமிழ் ஒரு மாதிரி இருக்கே' என்று கேட்டதற்கு அக்கா கோபித்துக்கொண்டதையும் அவள் சொன்ன விதத்தில், கரகத்துக்குப் பூச்சுற்றிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

இப்படி ஒருத்தியா என் வீட்டில் இருந்தாள் என்று எனக்கு ஆச்சரியம். (இருபது வருஷம்!)

இரண்டாம் நாள் ஆறு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். நாலாம் நாள் மாமா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மதியம் ஆனால், "மருமவ இன்னிக்கு அனுப்பலியா?" என்று போனைப் பார்ப்பார். தாமதமானால் என்மேல் கோபம் வேறு.

ஏழாம் நாள் வந்த பதிவைப் பதினைந்து பேருக்கு நடுவில் போட்டேன்.

"இப்ப கொளத்துப் படியில உக்காந்திருக்கேன். தண்ணி பச்சையா இருக்கு. கோபுரத்தப் பாத்துட்டு, 'என்னங்க, அங்க பாருங்க'ன்னு திரும்புறேன், அக்கா நிக்கிறா." தண்ணீரில் கையை அலசும் சத்தம். பிறகு, "நீங்க ஆசைப்பட்டுத் தலையாட்டலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நான் பின்கட்டுலேர்ந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். வலது காதுல அந்தப் பொட்டு இருந்துச்சு. வீட்டுல என்கிட்ட ஆட்டுவீங்கள்ல, அதே ஆட்டு. எனக்குத் தெரியாதா? பரவால்ல. பக்கத்துல உக்காந்து சொன்னப்ப கேக்கல. இப்ப போன் வழியா வந்தாதான் கேப்பீங்கன்னா, இப்படியே சொல்றேன். கேளுங்க."

நிறுத்தப் போன என் விரல் அசையவில்லை. பூச்சுற்றும் ஆட்கள் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவமானம் ஒரு பக்கம். அவள் அந்தப் படியில் திரும்பிப் பார்த்தது இன்னொரு பக்கம், அதுதான் தாங்கவில்லை.

மாமா வெகுநேரம் என்னையே பார்த்தார். இடுப்பில் உள்ள துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். சாபம் கொடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அடுத்தது இருக்கா?" என்றார். "போடு."

அதிலிருந்து மூன்றாம் நாள் கரகம் புறப்பட்டது. ஆற்றங்கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர், செம்மண்ணும் கல்லும், வெறுங்கால். அதற்குள் அந்தப் பதிவின் கதை தாமான் முழுக்கப் பரவியிருந்தது. மேளத்தையும் மீறி வழிநெடுகக் குரல் வந்தது: "சேகரு, தலையாட்டாதே!" பாட்டி வயசுக்காரர்கள் சொன்னார்கள், என்னோடு படித்தவன் சொன்னான், ஐஸ் விற்கிறவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார். கரகம் அசையவில்லை. வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான் என் தலை ஆடாமல் இருந்தது.

கரகம் ஒருமுறை எடுத்தால் மூன்று வருஷம் எடுக்க வேண்டும் என்று இறக்கி வைத்தபிறகுதான் சொன்னார்கள். எனவே சுமதி அடுத்த இரண்டு வருஷமும் கமலா அக்காவோடு போனாள், திருச்சி, தஞ்சாவூர் என்று. கோயிலில் மாமா அதற்கென்றே ஒரு பெரிய ஸ்பீக்கர் வாங்கி வைத்தார்.

இப்போது நான் காரில் போகும்போது கேட்பது அவளைத்தான். காலையில் நான் கிளம்பியதும் இருபது நிமிஷம் பேசி அனுப்பிவிடுகிறாள்: பாலர் பள்ளியில் யார் கஞ்சியைக் கவிழ்த்தது, எதிர்வீட்டுப் பூனை எங்கே குட்டி போட்டது, என் சட்டையில் எந்தப் பொத்தான் விழப் போகிறது. ராஜாக்கள் கதை வாத்தியார் பாதியில் நிற்கிறார், பாவம். சாயங்காலம் வந்ததும் சுமதி கேள்வி கேட்பாள். பதில் தெரியாவிட்டால் சாப்பாடு சூடாகாது. எதற்கும் தலையாட்டினால் செல்லாது. 'சரி' என்றாலும் செல்லாது. எதற்குச் சரி என்று முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். கிள்ளானில் படிக்கும் மகள் ஷாலினிகூட வீட்டுக்கு வந்தால் இதே சட்டத்தைத்தான் நடத்துகிறாள்.

மூன்றாவது கரகம் போன மாதம் இறக்கியாயிற்று. சுமதியும் பயணம் முடிந்து வீடு திரும்பிய சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் ஏதோ கேட்டாள். எனக்குக் கால் எரிச்சல், இடுப்பு வலி, கண் சொக்குகிறது. துணியைக் கீழே வைத்தேன்.

"அடுத்த மார்ச்சுல உன்கூட மதுரைக்கு வரேன். அக்கா வரல. கொளத்துப் படியில உன் பக்கத்துல உக்காருறேன்" என்று திருப்பிச் சொன்னேன்.

அவள் மடித்த சட்டையையே மறுபடி நீவினாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"ஷாலினி, போன எடுத்துட்டு வா. அப்பா இன்னொருவாட்டி சொல்லட்டும்."

அந்தப் பதிவு பதினோரு வினாடி. அன்றே குடும்பக் குழுவில் ஏற்றப்பட்டது. கல்யாணமோ காதுகுத்தோ, எங்கே போனாலும் யாராவது அதைப் போட்டுக் காட்டுகிறார்கள். வீராசாமி மாமாவும் அந்தக் குழுவில் இருக்கிறார். அவர் அனுப்பிய பதில் நாலே வினாடி:

"சொன்னது சரிப்பா. ஆள வலது காதக் காட்டச் சொல்லு."