மூன்றாம் அறை விருந்தாளி

மரை மான் சமையலறை வாசலை விட்டு நகர மறுத்தது. மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்குச் சான்றிதழ் மிஸ் வருகிறார்.

"சூ," என்றான் அன்ஸாப்.

மரை காதை மட்டும் அசைத்தது. இடது காதில் பழைய கிழிசல் ஒன்று, கொண்டக்டர் கிழித்துக் கொடுத்த பஸ் டிக்கட் மாதிரி.

"சத்தமாச் சொல்லு மகன்," என்றார் உள்ளேயிருந்து கைறுன்னிஸா மாமி. "தூங்குற புள்ளைய எழுப்புற மாதிரி சொன்னா அது எங்க போகும்?"

இரத்தோட்டையிலிருந்து மேலே ஏறும் பாதையில், காட்டின் எல்லைக்கல்லுக்கு நூறு அடி இப்பால், அன்ஸாப் நாலு அறை கட்டியிருந்தான். கத்தாரில் ஆறு வருடம் அடுத்தவன் ஹோட்டலில் படுக்கை விரித்தவன். இனிமேல் சொந்தப் படுக்கையை விரிக்கலாமென்று வந்துவிட்டான். சமையலுக்கு மாத்தளையிலிருந்து மாமியைக் கூட்டி வந்தான். ஆனால் இங்கே வருகிறவர்கள் அறைக்காக வருவதில்லை, காட்டுக்காக வருகிறார்கள். அந்தக் காட்டுக்குள் ஜனவரியிலிருந்து பச்சை இலைச் சான்றிதழ் உள்ள விடுதிகளின் ஆட்கள் மட்டும்தான் போகலாமென்று உத்தரவு. சான்றிதழ் இல்லாவிட்டால் நாலு அறையையும் பூட்டிவிட்டு மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான்.

இதற்கென்று ஒரு கையேடு அனுப்பியிருந்தார்கள். அட்டையில் ஏதோ மிருகத்தின் படம். அதைப் பார்க்க அன்ஸாபுக்கு ஏது நேரம், உள்ளே எழுபத்திரண்டு கேள்விகள். அவன் கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோதே மாமி அட்டையைக் கிழித்து அடுப்பு மூட்டிவிட்டார்.

முப்பத்தோராம் கேள்விதான் கொடியது. காட்டு விலங்குகளுக்கு உணவு கொடுக்கப்படுகிறதா? அதற்கு ஆம் என்றால் மற்ற எழுபத்தொன்றும் சரியாக இருந்தாலும் பிரயோசனமில்லை. அன்ஸாப் 'இல்லை' என்று எழுதியிருந்தான். உண்மையும் அதுதான். அவன் கொடுக்கவில்லை, இது தானாக வந்து கேட்கிறது. தினமும் பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டபடி மேலே ஏறும்போது மரை அதன் பின்னாலேயே வரும். ஓட்டோக்காரர் நிறுத்தாமல் போய்விட்டால் இந்த வாசலில் வந்து நிற்கும். முற்றத்தில் பலாப்பழம் விழுந்து வெடித்துக் கிடந்தாலும் மோந்துகூடப் பார்க்காது. பாண் மட்டும்தான்.

"எந்தப் புண்ணியவான் பழக்கினானோ," என்பார் மாமி. "பட்டர் கேக்காம இரிக்கிதே, அதுவே பெருசு."

அன்ஸாப் விளக்குமாற்றைத் தூக்கினான். மரை அதன் நுனியைக் கடித்துப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் துப்பியது.

"மாமி, ஒரு துண்டு பாண் தாங்க. காட்டிக் காட்டி எல்லக்கல்லுக்கு அங்கால கொண்டுபோய் விட்டுட்டு வாறேன்."

"குடுக்கப்படாதுன்னு நீதானே எழுதின?"

"குடுக்க மாட்டேன். காட்டுவேன்."

பாணைக் காட்டியபடி பின்பக்கமாக நடந்தான். மரை ஒழுங்காகப் பின்னால் வந்தது. மூன்றாம் அறை வாசலுக்கு வந்தபோது கேட்டில் வேன் சத்தம். பாணை அறைக்குள் எறிந்தான். மரை உள்ளே போனது. கதவைச் சாத்தினான்.

சாத்திய பிறகுதான் செய்த வேலை உறைத்தது. கால் மணித்தியாலத்துக்கு முன்னால் ஒரு மரை வந்து நின்றது, அவ்வளவுதான். இப்போது அதற்குத் தீனியும் போட்டு, ஆளைப் பிடித்து அடைத்தும் வைத்தாயிற்று.

வேனிலிருந்து கலாராணி மிஸ் இறங்கினார். தொப்பி, குடை, நெஞ்சோடு அணைத்த ஃபைல், அதன் மேல் அதே கையேடு. டிரைவர் நிஸ்தார், "மாமி, ஒரு ப்ளேன்டீ கிடைக்குமா?" என்று கேட்டபடி நேரே சமையலறைக்குப் போய்விட்டார்.

மிஸ் நல்ல மாதிரி. குப்பைக் குழியைக் கிண்டிப் பார்த்தார், மழைத்தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தார், சூரியத் தகட்டைப் பார்த்துத் தலையாட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சரி அடையாளம். அன்ஸாபின் மூச்சு மெல்லத் திரும்பியது.

"மூணாவது ரூமையும் பாத்துட்டா முடிஞ்சுது, தம்பி."

"அதுல கெஸ்ட் இருக்காங்க மிஸ்."

"வெளிநாடா?"

"இல்ல, இந்தப் பக்கம்தான்." அன்ஸாபுக்குப் பொய் பழக்கமில்லை. முடிந்த மட்டும் உண்மையை ஒட்டியே போனான்.

"ஏசி இல்லைன்னு ஏசலையா?"

"ஏசின்னா என்னன்னே தெரியாது மிஸ்."

"சாப்பாடு?"

"எல தழதான். பொலிதீன் ஒண்ணும் கொண்டுவரல. சவுக்காரம் கேக்கல, துவாய் கேக்கல. ஃபோனும் இல்ல."

மிஸ்ஸின் பேனா நின்றது. "பதினெட்டு வருசமா இந்த வேல பாக்குறேன். இப்படி ஒரு கெஸ்ட்ட நான் பாத்ததே இல்ல. ரெண்டு வார்த்த கேட்டு எங்க புதுக் கையேட்டுல போடணும்."

"பேச மாட்டாங்க மிஸ்."

"ஏன், தியானமா?"

"அந்த மாதிரித்தான்."

அந்த நேரம் பார்த்து மாமி தேநீர்த் தட்டோடு வந்தார். அவரும் அடுப்படியில் நின்று தன் பங்குக்கு ஒன்று யோசித்து வைத்திருந்தார்.

"அந்த ரூமத் தட்டாதீங்க மிஸ். புள்ளத்தாச்சி, படுத்திரிக்கி."

மிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தியானம் செய்ற புள்ளத்தாச்சியா?"

"ரெண்டும்தான்," என்றான் அன்ஸாப்.

"புருஷன் எங்க?"

"காட்டுல," என்றார் மாமி.

"வயித்துப் புள்ளக்காரிய விட்டுட்டுக் காட்டுலயா? எத்தன மாசம்?"

"அதெல்லாம் நாங்க கேக்கல மிஸ்."

"கேக்காம எப்படி அம்மா இருப்பீங்க? எலையத் தின்னுட்டு, ஃபோனும் இல்லாம ஒருத்தி தனியாக் கெடக்குறா. நானும் மூணு பெத்தவ." மிஸ் ஃபைலை இடுக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். "மகள், நான் கலாராணி. பயப்படாதீங்க."

உள்ளே ஏதோ புரண்டு விழுந்தது. பிறகு ஒரு முறிவுச் சத்தம். கதவின் கீழால் தண்ணீர் மெதுவாக வெளியே வந்து மிஸ்ஸின் செருப்பைச் சுற்றிப் போனது.

மிஸ்ஸின் முகம் வெளுத்தது. "தம்பி, தண்ணிக்குடம் ஒடைஞ்சிட்டுது. வேன எடுக்கச் சொல்லுங்க."

"அது பைப் மிஸ்," என்றான் அன்ஸாப் பரிதாபமாக.

அப்போதுதான் மேலே வளைவில் பாட்டுக் கேட்டது. பாண் ஓட்டோ திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. அன்ஸாப் கண்ணை மூடிக்கொண்டான்.

ஒரே இடி. கதவு திறந்துகொண்டது. கட்டிலுக்குக் கட்டியிருந்த நுளம்பு வலையை மணப்பெண் மாதிரித் தலையில் போட்டுக்கொண்டு மரை நிதானமாக வெளியே வந்தது.

ஓட்டோப் பாட்டு கேட்டைக் கடந்து கீழே போய்த் தேய்ந்தது.

"தியானம் முடிஞ்சுதுபோல இரிக்கி," என்றார் மாமி மெல்ல.

மிஸ் ஃபைலைத் திறந்தார். முப்பத்தோராம் கேள்வியில் போட்டிருந்த சரி அடையாளத்தின் மேல் பேனாவை வைத்தார். குரல் உயரவில்லை. அதுதான் அன்ஸாபை அதிகம் பயமுறுத்தியது.

"காட்டு மிருகத்துக்குத் தீனி குடுத்துப் பழக்குனது யாரு தம்பி?"

"நாங்க இல்ல மிஸ். இன்னைக்குத்தான் ஒரே ஒரு துண்டு. அதுக்கு முந்தியே யாரோ பழக்கியிருக்காங்க."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. யாரோ ஒருத்தர் ஆசைக்கு நாலு துண்டு போடுவாங்க. அதுக்குப் பொறகு அது காட்டுல மேயாது, ரோட்டுல நிக்கும். மிருகம் கெடுறதுக்கு மூணு நாள் போதும். அந்த யாரோவப் பிடிச்சுத் தண்டிக்கணும். பிடிக்க முடியாததால சான்றிதழத்தான் நிப்பாட்ட வேண்டியிருக்கு."

அன்ஸாபுக்குக் கத்தார் ஹோட்டலின் லிஃப்ட் வாசனைகூட மூக்கில் வந்துவிட்டது.

கேட் பக்கம் போகத் திரும்பிய மரை பாதியில் நின்றது. வலைக்குள்ளிருந்து மிஸ்ஸைப் பார்த்தது. ஓட்டோவை மறந்துவிட்டு அவரிடம் வந்து, கைப்பைக்குள் மூக்கை நுழைத்தது. மிஸ் ஓரடி பின்னால் வைத்தார். அதுவும் ஓரடி முன்னால் வைத்தது. மிஸ் ஃபைலின் மேலிருந்த கையேட்டை, அட்டை தெரியாதபடி, மெதுவாகத் திருப்பிப் பிடித்தார்.

நிஸ்தார் ப்ளேன்டீக் கோப்பையோடு சமையலறையிலிருந்து வந்தார். மரையின் தலையிலிருந்த வலையைத் தூக்கி, இடது காதைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம ஆளுதானே மிஸ் இது. அட்டப் படத்துக்கு அசையாம நிக்கட்டும்னு, இதே வளைவுல பாண் ஓட்டோவ மறிச்சு மறிச்சு, மூணு நாளா றாத்தல் றாத்தலா நீங்கதானே ஊட்டினீங்க."