நானூற்றெண்பது பெட்டைகளின் தயார்நிலை

சான் விடால் நகராட்சியின் கால்நடை அலுவலகம் மகளிர் முன்னேற்றத்தின் பொருட்டு நாற்பது பெண்களுக்குத் தலைக்குப் பன்னிரண்டு கோழிக்குஞ்சுகள் வழங்கியது. நிபந்தனை எளிமையானது. குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடத் தொடங்கும் தறுவாயை எட்டியதும் அலுவலர் நேரில் வந்து பார்வையிட்டு 'தயார்நிலைச் சான்றிதழ்' அளிப்பார். சான்றிதழ் பெற்ற கோழி வளர்த்தவளுக்குச் சொந்தம். திருவிழாவுக்குள் பெறாத கோழியை அலுவலகம் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதன்பின் அக்கோழி என்ன ஆகும் என்பது விதிகளில் இல்லை. ஆனால் அலுவலகத்தின் பின்கட்டில் பெரிய அடுப்பு ஒன்று இருந்தது. முந்தைய வருஷம் வாத்துத் திட்டம் முடிவடைந்தபோது அங்கிருந்து மூன்று நாளைக்குப் பூண்டும் வினிகரும் சேர்ந்த அடோபோ கறியின் வாசனை வந்தது.

அந்த நாற்பது பேரில் ஒருத்தியான கோன்சிங்குக்கு நாற்பத்திரண்டு வயதாகியும் தனக்கென்று ஒன்றும் இருந்ததில்லை. வீடு மாமியார் பேரில். எருமை மைத்துனனுடையது. கொல்லையில் கட்டியிருக்கும் ஐந்து சண்டைச் சேவல்கள் கணவன் பென்யோங்குடையவை. அவை அவளைவிட நல்ல சாப்பாடு சாப்பிட்டன. எனவே இந்தப் பன்னிரண்டு பெட்டைகளையும் அவள் தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டாவது வாரத்தில் வெளிறிய கொண்டைகள் மிளகாய்ப்பழம் போலச் சிவந்தன. முதுகில் கையை வைத்தால் ஓடாமல், இறக்கையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தன. முட்டையிட இடம் தேடி இருட்டு மூலையெல்லாம் எட்டிப் பார்த்தன. பின்புறத்து எலும்புகள் இரண்டுக்கும் நடுவே மூன்று விரல் போயிற்று.

“இன்னும் ஒரு வாரந்தான்,” என்றாள் பக்கத்து வீட்டுத் தேலாங்கிடம். “அதுக்கு மேல தாங்காது.”

“என்னோடதும் அப்படித்தான் இருக்கு. சீக்கிரம் ஆள வரச் சொல்லு.”

கால்நடை அலுவலர் ரெஸ்டி குடை, தோல்பை, வெள்ளைக் கையுறை சகிதம் வந்தார்.

“கொண்டையப் பாருங்க சார். நல்லாச் செவந்திருக்கு.”

“நீ சொன்னா ஆச்சாக்கா? நிற அட்டையோட ஒப்பிடணும்.”

அட்டையை எடுத்தார். அது நகலின் நகல். ஆறு கட்டங்களும் கறுப்பாக இருந்தன.

“எல்லாமே கறுப்பா இருக்கே சார்.”

“அசல் மணிலாவுல இருக்கு. இப்போதைக்கு, கறுப்புக் கொண்டை எதுவும் தென்படலன்னு எழுதிக்கறேன்.”

கோன்சிங் ஒரு பெட்டையின் முதுகில் கையை வைத்தாள். அது உட்கார்ந்தது. ரெஸ்டி குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“இது முட்டைக்காக உக்காருதா, இல்ல மரியாதைக்காக உக்காருதா?”

“கோழிக்கு என்ன சார் மரியாதை?”

“அலுவலர் முன்னால நிக்கறப்ப எல்லாருமே கொஞ்சம் உக்காரத்தான் செய்வாங்க.” எழுதிக்கொண்டார்.

“சரி, எலும்பத் தொட்டுப் பாருங்க. மூணு விரல் எடம் இருக்கு.”

“யாரோட விரல்?”

“என்னோடதுதான்.”

“நீ பயனாளி. பயனாளி விரல் செல்லாது.” தன் விரல்களை வைத்துப் பார்த்தார். அவை குண்டு விரல்கள், இரண்டுதான் போயின. “என்னுதும் சரியா வரல. விரல்ங்கறது என்னன்னு மேலிடத்துல கேட்டு எழுதறேன்.”

மேலிடம் இதைத் தீவிரமாகப் பரிசீலித்தது. கால்நடைத் துறை இயக்குநரின் வலக்கை விரல்கள் மூன்றே மாகாணத்தின் அதிகாரபூர்வ விரல்கள் என்று முடிவாயிற்று. அவற்றை அளவெடுத்து மரத்தில் செய்து அனுப்ப ஐந்து வாரம் ஆகும் என்று கடிதம் வந்தது.

கோழிகளுக்குக் கடிதம் போகவில்லை. ஆறாவது நாள் காலையில், விறகுக் குவியலுக்குப் பின்னால், புறா முட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று கிடந்தது. கோன்சிங் அதைப் பாவாடையில் துடைத்துக் கையில் ஏந்தி நேரே அலுவலகத்துக்குப் போனாள். இனி அளக்க என்ன இருக்கிறது?

ரெஸ்டி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“வழியில யாராச்சும் பாத்தாங்களா?”

“ஏன் சார்? இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?”

“அக்கா, படிவத்துல என்ன கேட்டிருக்கு? 'முட்டையிடத் தொடங்க இருக்கிறதா?' இது தொடங்கிடுச்சு. தொடங்கினது எப்படித் தொடங்க இருக்கும்?”

“அப்படின்னா?”

“தயார்நிலை தவறிப்போச்சுன்னு அர்த்தம். நான் பாத்துட்டேன்னா, இப்பவே வந்து பன்னண்டையும் புடிச்சுக்கிட்டு வரணும்.” ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். “நான் இன்னும் பாக்கல.”

கோன்சிங் முட்டையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

அன்றிலிருந்து அவள் பிழைப்பு மாறிப்போனது. முட்டையை விற்க முடியாது, வாங்கியவன் சொல்லிவிடுவான். வீட்டில் பொரித்தால் வாசனை தெருவுக்குப் போகும். கோழி முட்டையிட்டுவிட்டுக் கொக்கரிக்கும்போதெல்லாம் கோன்சிங் வாளியைத் தட்டிப் பாட்டுப் பாடினாள். பென்யோங் நான்கு நாள் பொறுத்தான்.

“என்ன ஆச்சு உனக்கு? காலங்காத்தால கச்சேரி.”

“உன் சேவல் சத்தத்தை நான் பத்து வருஷமா கேக்கல?”

முட்டைகளைச் சந்தேகமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்க ஊரில் ஒரே இடந்தான் இருந்தது. சாந்தா கிளாரா என்ற புனிதையின் மடம். கல்யாணத்தன்று மழை வராமலிருக்க வேண்டுமென்றால் அங்கே முட்டை காணிக்கை கொடுப்பார்கள். ஏன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கோன்சிங் கூடையைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு போனாள். மடத்து வாசலில் தேலாங் இன்னொரு கூடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன இந்தப் பக்கம்?” என்றாள் தேலாங்.

“பையன் கல்யாணத்துக்கு வேண்டிக்கிட்டேன்.”

“அவனுக்கு ஆறு வயசுதானே ஆகுது?”

“இப்பவே சொல்லிவெச்சா நல்லது. நீ?”

“எனக்குத் துணி காயணும்.”

பின்னாலேயே மூன்று பேர் கூடையோடு வந்தார்கள். அவர்களுக்கும் துணி காய வேண்டியிருந்தது. ஜூன் மாத நடுவில் நாற்பது பெண்களும் வாரத்துக்கு இரண்டு முறை மடத்துக்குப் போய்வந்தார்கள். சாந்தா கிளாரா கணக்குப் பார்க்காத புனிதை. கொடுத்ததற்குத் தக்கபடி செய்தாள். மழை நின்றது. நாற்றங்கால்கள் வெடித்தன. ஆண்கள் வரப்பில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார்கள்.

“எவன் வீட்டுலடா இத்தனை கல்யாணம்?” என்றான் பென்யோங்.

கோன்சிங் அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

இது அலுவலகத்தின் கவனத்துக்கும் வந்தது. ரெஸ்டி தனது மாதாந்திர அறிக்கையில் எழுதினார்: 'மழை இன்மையால் கோழிகள் இதுவரை முட்டையிடவில்லை.'

திருவிழாவுக்கு மூன்று நாள் முன்னால் விரல்கள் வந்துசேர்ந்தன. மெருகேற்றிய மூன்று மர விரல்கள். தச்சன் கவனமானவன், நகங்களோடு, இயக்குநரின் கல்யாண மோதிரத்தையும் செதுக்கியிருந்தான். ரெஸ்டி முதலில் கோன்சிங் வீட்டுக்குத்தான் வந்தார். கோழியைப் பிடித்து இடது கையில் ஏந்தி, வலக்கையால் மர விரல்களை எலும்புகளுக்கு நடுவே கொண்டுபோனார். சரியாகப் பொருந்தின. ஏழு, எட்டு, ஒன்பது என்று போய்ப் பத்தாவது பெட்டையில் அவர் முகம் மாறியது. அசையாமல் நின்றார். கோழி இறங்கிப் போயிற்று. இடது உள்ளங்கையில் பழுப்பு நிறத்தில் ஒன்று இருந்தது.

கோன்சிங்குக்கு அலுவலகத்தின் பின்கட்டு அடுப்பு நினைவுக்கு வந்தது.

“இது என்னக்கா?”

“எனக்கென்ன சார் தெரியும்? உங்க கையில இருக்கு.”

“சூடா இருக்கு.”

“வெயில்ல கெடந்திருக்கும்.”

ரெஸ்டி யோசித்தார். பன்னிரண்டும் தவறினால் நானூற்றெண்பதும் தவறும். நானூற்றெண்பதும் தவறினால் அவர் ஐந்து மாதமாக என்ன செய்தார் என்று கேட்பார்கள்.

“வெயில்தான்,” என்றார். அதைக் கைக்குட்டையில் சுற்றித் தோல்பைக்குள் வைத்துக்கொண்டு எழுதினார்: தயார்நிலை நூறு விழுக்காடு.

திருவிழா மேடையில் இயக்குநர் தம் அசல் விரல்களால் நாற்பது சான்றிதழ்களிலும் கையெழுத்திட்டார். நானூற்றெண்பது கோழிகளும் ஒரே சமயத்தில் முட்டையிடத் தொடங்க இருக்கும் ஊர் நாட்டிலேயே இதுதான் என்று பேசினார். விருந்தில் ஒவ்வொரு மேஜையிலும் லெச்சே ஃபிளான் வைத்திருந்தார்கள். மடத்தில் மஞ்சள் கருவைக் கொட்டிச் செய்த இனிப்பு. இயக்குநர் இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவதை எடுக்கும்போது நிறுத்தினார்.

“இவ்வளவு முட்டை எங்கருந்து வந்துச்சு?”

 ரெஸ்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சான்றிதழில் மை இன்னும் காயவில்லை.

“வெளியூர்லருந்து வாங்கினோம் சார்,” என்றாள் கோன்சிங்.

“கோழி எப்ப போடும்மா?”

“எப்ப வேணும்னாலும் போடும் சார். ஆனா இன்னும் போடல.”

முப்பத்தொன்பது பெண்கள் தலையாட்டினார்கள். இயக்குநரின் மனம் நெகிழ்ந்தது. இத்தனை கோழிகளை வளர்த்துவிட்டு இந்தப் பெண்கள் முட்டைக்கு வெளியூரை நம்பியிருப்பதா? கோழிகள் முட்டையிடத் தொடங்கும்வரை, அரசு செலவில் பக்கத்து மாகாணத்திலிருந்து வாரந்தோறும் முட்டை வரவழைக்கப்படும் என்று அங்கேயே அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலையும்போது கோன்சிங் ரெஸ்டியைப் பிடித்தாள்.

“சார், கோழி இப்ப என்னுதுதானே? இனி போடுதுன்னு சொல்லிடலாமா?”

“அதுக்கு வேற படிவம் இருக்குக்கா. இன்னும் அச்சாகல.”

செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. நாற்பது பெண்களும் வரிசையில் நின்றார்கள். நிற்காதவளை ஏன் நிற்கவில்லை என்று கேட்பார்கள். தேலாங் தனக்குக் கிடைத்த முட்டை ஒன்றை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“என்னடி இது, இவ்வளவு சின்னதா இருக்கு. நம்ம கோழி போட்டா இப்படியா இருக்கும்?”

“போட்டாத்தானே,” என்று சொல்லிவிட்டுக் கோன்சிங் கூடையை நீட்டினாள்.