பெட்டிக்குப் போட்ட பெருக்கல் குறி

ஐம்பத்து நாலாம் வருஷம் மார்கழி பாதியில் நான் ஒரு சபதம் செய்தேன். தை பிறப்பதற்குள் என் வீட்டில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்க இடம் உண்டாக்கிவிடுவது என்று. வீட்டில் இருந்தது இரண்டே அறை. அதில் நானும் என் மனைவி வீரலட்சுமியும் குடியிருந்தோம் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். குடியிருந்தவை சாமான்கள். நாங்கள் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தோம்.

நான் போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் மேஸ்திரி. மலையிலிருந்து இறங்கும் காயைப் பெண்கள் முறத்தில் கொட்டிப் பொறுக்குவார்கள். பருத்த காய் ஒரு பக்கம், உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு ஒரு பக்கம். மதுரைக்கு ரயிலேறும் மூட்டைக்கு நான் மசியில் வட்டம் போடுவேன். தரமில்லை என்று தோட்டத்துக்கே திரும்பும் மூட்டைக்குப் பெருக்கல் குறி. பதினாறு வருஷம் ஊரார் காயைத் தரம் பிரித்தவனுக்குத் தன் வீட்டைத் தரம் பிரிக்கத் தெரியாதா என்ன?

வீரலட்சுமியும் கல்யாணத்துக்கு முன் எங்கள் கிட்டங்கியில் காய் பொறுக்கியவள்தான். அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவள் விரல்களைப் பார்த்தவன் நான். அவ்வளவு வேகம். அந்த வேகத்தை நான் கொஞ்சம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். எனக்கு இடமெல்லாம் முக்கியமில்லை. பரணில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதை வெளியேற்றத்தான் இத்தனை ஏற்பாடும்.

எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். பெயர் சோலை. ஐந்து வயது. ஏழு வருஷத்துக்கு முன், காய் எடுக்கும் சமயத்தில், அவனை மலைக்குக் கூட்டிப்போனேன். லாரியில் என் மடியில் உட்கார்ந்துகொண்டு வளைவுக்கு வளைவு கையைத் தட்டினான். தோட்டத்தில் மூன்று நாள் தங்கினோம். ஊர் திரும்பிய மறுவாரம் மலைக்காய்ச்சல் கண்டது. நாலே நாளில் போய்விட்டான். அவன் சட்டைகளும் சிலேட்டும் அந்தப் பெட்டியில் இருந்தன.

வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது வீரலட்சுமி பெட்டியை இறக்குவாள். சட்டைகளை வெயிலில் காயப்போடுவாள். வேப்பிலை வைத்து மடித்து மறுபடி பரணில் ஏற்றுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஏன் கூட்டிப்போனீர்கள் என்று ஒரு தடவை கேட்டுச் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு மனசு லேசாகியிருக்கும். கேட்டதே இல்லை. அந்தச் சின்னச் சட்டைகள் கொடியில் ஆடுகிற நாளில் எனக்குச் சோறு இறங்காது.

பெட்டியை மட்டும் கொடு என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அதனால் வீட்டையே காலி செய்வது, கூட்டத்தோடு கூட்டமாகப் பெட்டியும் போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

"வீரலட்சுமி, இந்த வருசம் வேண்டாததையெல்லாம் கழிச்சுக் கட்டிருவோம்."

"எதையெல்லாம்?"

"எல்லாத்தையும்."

"உங்க குடையையுமா?"

"எந்தக் குடை?"

"நாலு வச்சிருக்கீகளே. ஒண்ணுல துணி இல்லை. ஒண்ணுல கம்பி இல்லை. ஒண்ணுல பிடி இல்லை."

"நாலாவது?"

"அதுல குடையே இல்லை. உறை மட்டும் இருக்கு."

"எல்லாத்தையும் சேத்தா ஒரு முழுக்குடை ஆகும் புள்ள."

"எட்டு வருசமாச் சேத்துக்கிட்டுத்தான் இருக்கீக. மழைதான் நிக்கலை."

"குடை இருக்கட்டும். மத்ததைச் சொல்லு."

"சக்கரம் இல்லாத சைக்கிளு?"

"சக்கரம் வாங்கிட்டா ஓடும்."

"அந்த ஈசிசேரு? உக்காந்தா கவுத்திருது."

"உக்காரத் தெரிஞ்சவனைக் கவுக்காது."

"உங்களை மூணு தடவை கவுத்துச்சு."

இந்தப் பேச்சு இதற்கு மேல் எனக்கு அனுகூலமாகப் போகாது என்று தெரிந்தது. "எது இருக்கணும், எது போகணும்னு நான் குறி போடுறேன். வெள்ளிக்கிழமை வெள்ளன, தோட்டத்து டிரைவர் ராக்கையா ஜீப்பு போடிமெட்டுக்கு மேல போகுது. லயத்து வீட்டுக் கூலிச் சனங்களுக்கு எது குடுத்தாலும் ஆகும்" என்றேன்.

"சரி, உங்க இஷ்டம்" என்றாள்.

பதினாலு வருஷத்துக் குடித்தனத்தில் அவள் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் சந்தேகப்படவில்லை. சந்தோஷப்பட்டேன். அங்கேதான் தவறு.

வியாழக்கிழமை சாமான்களையெல்லாம் தெருவில் இறக்கினோம். வெள்ளையடிக்கக் கரைத்த சுண்ணாம்பு வாளி பக்கத்திலேயே இருந்தது. கிட்டங்கிக்குப் போய் மசி கொண்டுவர யார் அலைவது? மட்டையைச் சுண்ணாம்பில் முக்கிக் குறி போட்டேன். குடைகளுக்கு வட்டம். சைக்கிளுக்கு வட்டம். ஈசிசேருக்கு இரண்டு வட்டம். அவளுடைய விரிசல் விட்ட பானை, கிழிந்த பாய், ஓரம் போன முறம், எல்லாவற்றுக்கும் பெருக்கல் குறி. என்னைப்போல் நியாயமாகத் தரம் பிரிக்கிற ஆள் ஜில்லாவிலேயே கிடையாது. அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் அடுப்படிக்கு வெள்ளையடிக்கப் போனாள். நான் பெட்டியிடம் போனேன். பெருக்கல் குறி கோணலாக விழுந்தது. போட்ட கையோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிட்டங்கிக்கு நடையைக் கட்டிவிட்டேன். ஜீப் வந்து பெட்டியை ஏற்றுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கோழை என்று நீங்கள் சொல்லலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கிட்டங்கியில் வேலை ஓடவில்லை. "என்ன மேஸ்திரி, பொக்குக்கு வட்டம் போட்டு மதுரைக்கு அனுப்புறீக?" என்று காய் பொறுக்கும் மூக்கம்மாள் கத்தினாள். முறங்களெல்லாம் நின்று என்னைப் பார்த்தன. எனக்கு வேறு நினைப்பு. உச்சி வேளைக்கு வீரலட்சுமி வேலையை முடித்துவிட்டு, சட்டைகளைக் காயப்போட வெயிலுக்கு வருவாள். பெட்டியைத் தேடுவாள். தெருவில் இருக்காது. அவளிடம் அவன் என்று மிச்சமிருந்தது அந்த ஒரு பெட்டிதான். அதையும் நானே மலைக்கு அனுப்பிவிட்டேன். இரண்டாவது தடவை.

எழுந்தேன். மெட்டுக்கு அரிசி ஏற்றிப் போன லாரியில் தொற்றிக்கொண்டேன். வளைவுகள் வந்தன. ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டேன்.

தோட்டத்து லயத்தில் திருவிழாக் கூட்டம். நடுவில் என் ஈசிசேர். பக்கத்தில் அதிலிருந்து விழுந்த கங்காணி, இடுப்பைத் தடவியபடி. என் சைக்கிளைச் சுற்றி நாலு பேர் நின்று அது என்னவென்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அய்யம்மாள் என்ற லயத்துப் பெண்ணின் கையில் என் நாலு குடைகளும் இருந்தன. எல்லாவற்றிலும் கொட்டை கொட்டையாகப் பெருக்கல் குறி.

"பெட்டி எங்கேம்மா? தகரப்பெட்டி?"

"பெட்டியா? தெரியலையேண்ணே. இந்தக் குடைக்குத் துணி எங்கேன்னு நாங்க தேடிக்கிட்டிருக்கோம்."

ராக்கையா ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். "மாப்ளே, பெருக்கல் குறி போட்டதை ஏத்துங்கண்ணேன்னு தங்கச்சி சொல்லுச்சு. ஏத்துனேன். பெட்டியில வட்டம்ல போட்டிருந்துச்சு."

அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். குடைக்காகத்தான் அழுகிறேன் என்று அய்யம்மாள் நினைத்துக்கொண்டாள். "இதுக்குப் போயி அழுவாகளா? கொண்டு போங்கண்ணே" என்று நாலையும் என் மடியில் வைத்தாள். திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ள அவளுக்கும் அவ்வளவு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

சாயங்காலம் ராக்கையாவின் ஜீப்பிலேயே இறங்கினேன். "வீட்டுல ஒரு சாமான் பாக்கி இருக்கு மாப்ளே" என்று வழியில் என்னமோ சொல்லிக்கொண்டு வந்தான். என் காதில் எதுவும் ஏறவில்லை. ஜீப் நிற்பதற்குள் குதித்து உள்ளே ஓடினேன்.

வீடு வெள்ளை வெளேரென்று இருந்தது. பெட்டி திறந்து நடு அறையில் கிடந்தது. வீரலட்சுமி சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

"மேல போயிட்டு வந்தீகளாக்கும்" என்றாள், நிமிராமலே.

"குறியை மாத்துனது நீதான?"

"மசியில போட்டிருந்தா எனக்குச் சிரமம். சுண்ணாம்புதான? ஈரத்துணியால ஒரு இழுப்பு. நீங்க தெரு முனை தாண்டுறதுக்குள்ள அம்புட்டையும் மாத்திப்புட்டேன்."

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். வேறு ஒன்று வந்தது. ஏழு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. "நான்தான புள்ள அவனைக் கூட்டிக்கிட்டுப் போனேன். என்னாலதான போனான். இந்தச் சட்டையைப் பாக்குறப்பல்லாம் நீ அதைத்தான நினைப்ப?"

அவள் கை நின்றது. கோடு போட்ட ஒரு சட்டையை மடியில் விரித்துத் தடவினாள்.

"அவன் போகமாட்டேன்னுதான் அன்னைக்கு அழுதான். உங்களுக்குத் தெரியாது. நீங்க லாரிக்காரன்கிட்டப் பேசிக்கிட்டிருந்தீக. 'அப்பாகூடப் போ சாமி, மலையைப் பாத்துட்டு வா'ன்னு இந்தச் சட்டையை மாட்டி அனுப்புனவ நான். ஏன் அனுப்புனேன்னு நீங்க என்னைக் கேட்டுருவீகளோன்னு ஏழு வருசமாப் பயந்துக்கிட்டுக் கிடக்கேன்."

ஒரே வீட்டில், இத்தனை சாமான்களுக்கு நடுவில், ஒருவர் கேட்டுவிடுவாரோ என்று மற்றவர் பயந்துகொண்டு ஏழு வருஷம் இருந்திருக்கிறோம். சட்டையை என் கையில் கொடுத்தாள். அவன் போன பிறகு அதை நான் தொட்டது அன்றைக்குத்தான். என் உள்ளங்கை இரண்டுக்குள் அடங்கிவிட்டது. இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம்.

வெகுநேரம் கழித்துக் கேட்டேன். "பெட்டியைத் தள்ளத்தான் இந்த ஏற்பாடுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க வாயைத் தொறந்தப்பவே."

"அப்புறம் ஏன் புள்ள சரின்னு சொன்ன?"

"உங்க பொக்கையெல்லாம் வெளிய தள்ள எனக்கு வேற நாள் வாய்க்குமா?" முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "அழுது முடிச்சிட்டீகளா? அப்ப எந்திரிங்க. நீங்க உக்காந்திருக்கிற முக்காலியிலயும் பெருக்கல் குறிதான், அதுக்குத்தான் ராக்கையா அண்ணன் வாசல்ல நிக்கிறாரு."