கோட்டுக்கு வந்த இட்லிப் பானை

சிக்கனக் குறிப்புகளைப் படித்துக் கெட்டுப்போனவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தால், அதற்கு ஆயுட்காலத் தலைவி நான்தான். போட்டியே இருக்காது.

கல்யாணமாகி வேலூரிலிருந்து பெங்களூர் தொம்மலூருக்கு நான் வந்து சேர்ந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில். வீட்டில் என் கணவர் சேகர், அவருடைய அம்மா, நான், மூன்றே பேர். புது மருமகள் எதையாவது சாதித்துக் காட்ட வேண்டாமா? சமையலில் வழியில்லை (என் சாம்பாரைப் பற்றிப் பிறந்த வீட்டிலேயே நல்ல அபிப்பிராயம் கிடையாது). அதனால் சிக்கனத்தைக் கையில் எடுத்தேன். பெண்கள் பத்திரிகையில் வாராவாரம் வரும் வீட்டுக் குறிப்புகள்தான் எனக்கு வேதம். தேய்ந்த சோப்புத் துண்டுகளையெல்லாம் சேர்த்துப் பிசைந்து ஒரே கட்டியாக்கினேன். அதில் துணி சோப்பும் கலந்திருந்தது சேகருக்கு முதுகு அரிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன். செடி அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

அந்த டிசம்பர் தொடக்கத்தில் மாமியார் தன் மகளைப் பார்க்கக் கோலார் தங்கவயலுக்குப் போயிருந்தார். அப்போதுதான் தெருவில் மங்காவின் குரல் கேட்டது. தலையில் எவர்சில்வர் கூடை, தோளில் துணி மூட்டை. பழைய துணியைப் போட்டால் பாத்திரம் தருவார். நீலசந்திராவிலிருந்து மாதம் ஒரு முறை எங்கள் தெருவுக்கு வருவது வழக்கம். கூடையின் உச்சியில் ஓர் இட்லிப் பானை பளபளவென்று உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டுப் பழைய பானைக்கு மூடி நசுங்கி, ஆவி பாதி அறைக்கும் பாதி இட்லிக்குமாகப் போய்க்கொண்டிருந்த காலம்.

சாயம் போன புடவைகளையும் சேகரின் பேன்ட்களையும் கொண்டுவந்து குவித்தேன். மங்கா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கு ரெண்டு டபரா எடுத்துக்கோக்கா."

"இட்லிப் பானைதான் வேணும்."

"பானைக்கு இது எந்த மூலைக்கு? பேன்ட்டு எல்லாம் முட்டியில தேஞ்சி கீது. உல்லன் எதுனா இருந்தா போடு. குளிர் காலம் பாரு, கோட்டு ஸ்வெட்டருன்னா உடனே போவும்."

கோட்டு என்றதும் எனக்கு மாமியாரின் டிரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது. புடவைகளுக்கு அந்துருண்டை போட்டபோது அடியில் ஒரு கம்பளிக் கோட்டைப் பார்த்திருக்கிறேன். காலரைப் பூச்சி அரித்திருந்தது. ஒரு பொத்தான் இல்லை. வேலூரில் வளர்ந்தவளுக்குக் கோட்டு என்றால் கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை வியர்த்து ஊற்றிக்கொண்டு நிற்கிற உடுப்பு, அவ்வளவுதான். இது யாருடையது என்று நான் யோசிக்கவே இல்லை. யோசிப்பதற்கு வெகுதூரம் போகவும் வேண்டாம். கூடத்துச் சுவரில் இருந்த படத்தில் மறைந்த என் மாமனார் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நான் தினமும் துடைத்துப் பொட்டு வைக்கிற படம். (கறுப்பு வெள்ளைப் படம், நிறம் தெரியாது என்று பிற்பாடு சேகரிடம் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.)

கோட்டையும் கொண்டுவந்து போட்டேன். பானை கைக்கு வந்துவிட்டது. அன்று மதியமே அந்தப் பத்திரிகைக்கு ஒரு குறிப்பும் எழுதித் தபாலில் போட்டேன். திறமையை ஊருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாமியார் திரும்பி வந்த காலையில் புதுப் பானையில் இட்லி வைத்தேன். உண்மையிலேயே பிரமாதமாக வந்தது. அவர் முதல் இட்லியைப் பிட்டுக்கொண்டே பானையைப் பார்த்தார்.

"நல்லா இருக்கே. எவ்ளோ குடுத்த?"

"காசே இல்ல அத்தை. பழைய துணி போட்டு வாங்கினேன். உங்க பெட்டியில ஒரு கோட்டு சும்மாதானே கெடந்தது, அதையும் சேர்த்து..."

பிட்ட இட்லி தட்டிலேயே நின்றது. அவர் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அரித்த காலர் அந்தப் படத்தில் முழுசாக இருந்தது. எல்லாப் பொத்தான்களும் இருந்தன.

சேகர் கை கழுவிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். போகும் வழியில்தான் சொன்னார்.

"அப்பா ஃபேக்டரிக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போகும்போது போட்டுக்கினு போற கோட்டு அது. டிசம்பர்ல குளிர் ஜாஸ்தியானா அம்மா காலைல அத வெளிய எடுப்பாங்க. கால் மேல போத்திக்கினு உக்காந்துதான் காப்பி குடிப்பாங்க. நீ பார்த்திருக்க மாட்ட, கல்யாணம் ஆகி இதுதானே மொத குளிரு."

என்னிடம் முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து, நான் ஏன் கேட்கவில்லை என்று தோன்றி மூடிக்கொண்டேன்.

நீலசந்திராவில் விசாரித்து விசாரித்து மங்காவின் வீட்டைக் கண்டுபிடித்தோம். வாசலில் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோட்டா? அது அப்பவே ஞாயித்துக்கெழம சந்தையில போயிடுச்சேக்கா."

"யாரு வாங்கினாங்க?"

"பேரு ஊரு கேட்டுக்கினா விக்கறாங்க? யாரோ வாட்ச்மேன் மாரி இருந்தாரு. அப்பவே மாட்டிக்கினு போய்ட்டாரு." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "வூட்டுப் பெரியவரு கோட்டுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தொட்டுகூட இருக்க மாட்டேன்க்கா."

அதற்குப் பிறகு பல வாரங்கள் தொம்மலூரில் கோட்டுப் போட்ட வாட்ச்மேன் யாரைப் பார்த்தாலும் அருகில் போய்க் காலரை உற்றுப் பார்த்தேன். ஒருவர், "என்ன வேணும் மேடம்?" என்றே கேட்டுவிட்டார். என்ன சொல்வது? மாமனாரைத் தேடுகிறேன் என்றா?

அன்று நாங்கள் வெறுங்கையோடு வீடு திரும்பியபோது மாமியார் தட்டைக் கழுவி வைத்திருந்தார்.

"ஆயித்து, உடும்மா. இட்லி நல்லா வந்திருக்கு."

அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நானும் அழுது தீர்த்திருப்பேன்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. பிப்ரவரியில் எதிர் வீட்டுக் கமலா அக்கா பத்திரிகையோடு ஓடி வந்தார். என் குறிப்பு பிரசுரமாகியிருந்தது. பெயர், ஊர், பரிசு எல்லாவற்றோடும். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, கமலா அக்கா உரக்கப் படித்தார்: "பெட்டியில் வீணாகக் கிடக்கும் பழைய கோட்டுகளை வைத்துக்கொண்டு பூச்சிக்குத் தீனி போடாதீர்கள். அவற்றைப் போட்டு அழகிய இட்லிப் பானை வாங்கி, மாமியாரின் மனதைக் குளிரச் செய்யுங்கள்." பூமி பிளந்தால் முதல் ஆளாக இறங்கத் தயாராக இருந்தேன். மாமியார் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லா எழுதியிருக்க," என்றார். பரிசாக வந்த டீ வடிகட்டியை நான் பிரிக்கவே இல்லை.

வருடங்கள் போயின. என் மகள் பேசக் கற்றுக்கொண்டு எல்லாவற்றையும் கேள்வி கேட்கிற வயதில், ஒருநாள் படத்தைக் காட்டினாள்.

"ஆயா, தாத்தாவோட கோட்டு எங்க?"

அடுப்படியில் நான் அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அதுவா? அத ஒங்கம்மா இட்லியா அவிச்சி எல்லாருக்கும் போட்டுட்டா," என்று சொல்லிவிட்டு மாமியார் சிரித்தார். கோட்டுப் பேச்சில் அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இட்லிக்குக் கோட்டு என்றே பெயர். "இன்னும் ரெண்டு கோட்டு வைங்க அண்ணி," என்பார் தங்கவயல் நாத்தனார். மாமியார் காலமான பிறகும் கேலி நிற்கவில்லை. தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட என் மகள் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டாள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிக்கிறேன்.

ஆனால் அந்த டிசம்பர் சம்பளத்தில் சேகர் எனக்குக் கொடுத்ததை வைத்து மாமியாருக்கு நான் ஒரு புதுக் கம்பளிச் சால்வை வாங்கித் தந்ததும், அவர் நல்லா இருக்கு என்று சொல்லி அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டதும் கேலி செய்கிறவர்களுக்குத் தெரியாது. கடைசி வரை ஒவ்வொரு டிசம்பரிலும் அவர் ஒரு பழைய பெட்ஷீட்டைக் காலில் சுற்றிக்கொண்டுதான் காப்பி குடித்தார். டம்ளரைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தது நான்தான்.